உள்ளங்கையில் எழுதிய கைதி நம்பர்

ஜெயில் வாசலில் ஒரு பெண் பூசணிக்காயும் கத்தியுமாக நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெங்களூரில் ஜாமீனில் வெளியே வருகிறவனுக்கு வீட்டுக்காரர்கள் திருஷ்டி கழிப்பது வழக்கம். சாம்பல் பூசணியில் சதுரமாக ஒரு துண்டை வெட்டி எடுத்து, உள்ளே குங்குமத்தைக் கொட்டி, ஆளின் தலையை மூன்று சுற்றுச் சுற்றி ரோட்டில் போட்டு உடைப்பார்கள். பூசணியை நகத்தால் வெட்ட முடியாது, ஆகவே கத்தி வரும். கேட்டில் துப்பாக்கியோடு நிற்கிற போலீஸ்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விடுவார்.

இவ்வளவு விவரமாக ஏன் சொல்கிறேன் என்றால், 2001 நவம்பரில் காந்தா என்கிற பெண்ணிடம் பூசணிக்காய் வாங்கிக்கொண்டு வரச் சொன்னவன் நான்தான்.

என் பெயர் அப்பாதுரை. வீடு ஜோகுபாளையம். ஒரு வக்கீலிடம் பதினாறு வருஷம் டைப் அடித்தேன். அவருக்கு இங்கிலீஷ் வராது, எனக்குப் பொறுமை வராது. ஒரு நாள் அவருடைய மனுவில் இருந்த தப்பைக் கட்சிக்காரர் எதிரிலேயே சொல்லிவிட்டேன். அதோடு சரி. அதற்குப் பிறகு ஊருக்கு வெளியே பெரிய ஜெயிலுக்குப் போகும் ரோட்டில், கேட் கண்ணில் படுகிற தூரத்தில், தூங்குமூஞ்சி மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் நோயலின் இளநீர் வண்டி. எல்லோரும் என்னை ரைட்டர் என்பார்கள்.

மனு எழுதுவது பாதி வேலை. மீதி வேலை ஆள் கண்டுபிடிப்பது. ஒருவனைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போனால், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள். ஸ்டேஷனில் கேட்டால் இங்கே இல்லை என்பார்கள். அடித்த காயம் ஆறும்வரை இல்லை என்றுதான் சொல்வார்கள். பெண்கள் அழுதுகொண்டே என்னிடம் வருவார்கள். நான் எந்தக் கோர்ட்டில் ரிமாண்ட் ஆனான் என்று விசாரித்து, ஜெயில் ஜன்னலில் இருக்கும் வார்டரிடம் பெயரும் அப்பா பெயரும் கொடுத்து, விசாரணைக் கைதி நம்பரை வாங்கித் தருவேன். அந்த நம்பர் இல்லாமல் உள்ளே ஒரு பன் கூடப் போகாது.

நம்பரை நான் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதில்லை. சீட்டைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டு மறுபடி வந்து என் உயிரை எடுப்பார்கள். அதனால் இடது உள்ளங்கையை நீட்டச் சொல்லி, நீலப் பேனாவால் பெரிதாக எழுதிவிடுவேன். ஒன்பதுக்கு வால் வளைந்திருக்கும், நாலு திறந்திருக்கும், ஒவ்வொரு நம்பருக்கும் அடியில் இரட்டைக் கோடு. இந்த ரோட்டில் கையில் எழுதுகிற ஆள் நான் ஒருவன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

கோமளத்தின் கையிலும் அப்படித்தான் எழுதினேன். ஸ்ரீராம்புரத்துக்காரி, கார்ப்பரேஷனில் தெரு கூட்டுகிறவள். 2001 ஆகஸ்டில் அவளுடைய மூத்த மகன் நரேஷைப் பிடித்துக்கொண்டு போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. உயிரோடு இருக்கிறானா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. விக்டோரியா ஆஸ்பத்திரிப் பிணவறையில் போய் மூன்று துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். நான் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தேன். 4168. கையில் எழுதியதும் அந்தக் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"உசுரோட கீறான் இல்லண்ணா?"

"உயிரோட இல்லாதவனுக்கு நம்பர் குடுக்க மாட்டாங்கம்மா. எழுந்திரு" என்றேன். என் ஆறுதல் அப்படித்தான் இருக்கும்.

நரேஷ் நல்லவன் என்று நான் சொல்ல வரவில்லை. நீலசந்திராவில் ஒரு சைட் தகராறு, காலி மனைக்காக. பட்டப்பகலில், கறிக்கடை வாசலில், நாலு பேர் சேர்ந்து ஒருவனை லாங்கால் வெட்டினார்கள். இங்கே ரவுடிகள் வைத்திருக்கும் நீளமான கத்திக்கு லாங் என்று பெயர். வெட்டுப்பட்டவன் எழுந்து கடைக்குள் ஓடினான். துரத்திக்கொண்டு போய், கறி தொங்குகிற கொக்கிகளுக்கு நடுவே முகத்தில் வெட்டினார்கள். அடையாளம் சொல்ல மனைவி வந்தபோது கால் விரலைப் பார்த்துத்தான் சொன்னாளாம். அந்த நாலு பேரில் நரேஷ் இரண்டாவது குற்றவாளி. இது எனக்கு எஃப்ஐஆரைப் படித்ததால் தெரியும். செத்தவனுடைய மனைவியின் பெயர் அந்த எஃப்ஐஆரில் இல்லை.

தொண்ணூறு நாளாகியும் போலீஸ் சார்ஜ் ஷீட் போடவில்லை. அந்தக் கெடு தாண்டினால் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். கோமளத்துக்காக ஜாமீன்தாரர்களின் பத்திரங்களை நான்தான் டைப் அடித்தேன். ஆர்டர் எந்த நாள் ஜெயிலுக்கு வரும், ஆள் எத்தனை மணிக்கு வெளியே வருவான் என்பதெல்லாம் என் விரல் நுனியில் இருந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்னால் காந்தா வந்தாள்.

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். கார்மெண்ட்ஸ் ஃபாக்டரி ஐடி கார்டு இடுப்பில் செருகியிருந்தது. மல்லிகைப் பூ, பொட்டு, புதுக் கண்ணாடி வளையல். நீலசந்திராவிலிருந்து வருகிறேன் என்றாள். அப்போதே என் மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும்.

"நரேஷுன்னு ஒருத்தரு. எப்போ வெளிய வருவாருன்னு தெரியணும்ணா."

"உனக்கு அவன் என்ன ஆகணும்?" யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி அது.

தலையைக் குனிந்துகொண்டாள். "கட்டிக்கப் போறவரு. அவங்க வூட்டுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லாதீங்க."

கழுத்தைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னும் கட்டவில்லை என்று நினைத்தேன். கட்டியதை அறுத்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. இருபது வருஷம் திருட்டு, கொலை, கற்பழிப்பு என்று படித்துப் படித்து, நேரில் ஒரு காதல் வந்ததும் கிழட்டு மனசு குழைந்துவிட்டது. கையில் பன் இல்லை, சோப் இல்லை, பீடிக் கட்டு இல்லை. உள்ளே இருக்கிறவனைத் தேடி வருகிற எந்தப் பெண்ணும் வெறுங்கையோடு வந்து நான் பார்த்ததில்லை. அதையும் கவனித்தேன். கவனித்துவிட்டு, பாவம், வெட்கம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஜன்னலுக்குப் போகக்கூட இல்லை. நோட்டைப் புரட்டி நம்பரைப் பார்த்து, "கையை நீட்டு" என்றேன். எழுதினேன். 4168, அடியில் இரட்டைக் கோடு.

"வியாழக்கிழமை. ஆறு மணிக்கு உள்ளே எண்ணிக்கை முடியும். ஆறே முக்காலுக்கு வெளியே விடுவாங்க. பெரிய கேட்டுப் பக்கம் நிக்காதே, பக்கத்துல சின்னக் கதவு இருக்கு, குனிஞ்சுதான் வருவான். முதல்ல நீதான் கண்ணுல படணும்."

"சரிங்கண்ணா."

அத்தோடு விட்டேனா? நுணலும் தன் வாயால் கெடும். "வெறுங்கையோட வராதே. திருஷ்டி கழிக்கணும். ஒரு பூசணிக்காய் வாங்கிட்டு வா" என்றேன்.

"கத்தி உள்ள விடுவாங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"பூசணிக்காய் இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க."

வியாழக்கிழமை வந்தது. ஆறரை மணிக்குக் கோமளம் சின்ன மகன் சரவணனோடு வந்தாள். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. கையில் சாமந்தி மாலை. கோமளத்திடம் பூசணி. நாலடி தள்ளிக் காந்தாவும் தன் பூசணியைத் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்டும் கத்தி மடியில் இருந்தது. நான் சும்மா இருக்காமல் நோயலிடம், "இன்னிக்கு வாசல்லயே மாமியா மருமக சண்டை ஒண்ணு இருக்கு, பாரு" என்றேன். நோயல் சிரித்தான்.

சின்னக் கதவு திறந்தது. நரேஷ் குனிந்து வந்தான், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அவன் தலை நிமிர்வதற்குள் காந்தா எழுந்துவிட்டாள். முதல் வெட்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கியது. எலும்பில் கத்தி மாட்டிக்கொள்ள, அவன் மேல் காலை வைத்து உருவினாள். இரண்டாவது வெட்டுக்கு அவன் கையைத் தூக்கினான். மாலை போட ஓடிவந்த சரவணனின் முகத்தில் அண்ணனுடைய ரத்தம் அடித்தது. மாலையும் அறுந்து விழுந்தது. மூன்றாவது வெட்டு வயிற்றில். அதற்குள் நரேஷ் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். நான்காவது முகத்தில். கறிக்கடையில் நடந்ததைப் போலவே முகத்தில்.

கோமளம் அவன் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அவளுடைய பூசணி உருண்டு உடைந்து, குங்குமமும் ரத்தமும் ஒன்றாக ஓடியது. எது எது என்று தெரியவில்லை. காவலுக்கு இருந்தவர் துப்பாக்கிக் கட்டையால் காந்தாவின் மணிக்கட்டில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் என் மேஜை வரை கேட்டது. கத்தி விழுந்ததும் அவள் தரையில் உட்கார்ந்து, "முடிஞ்சுது" என்றாள். பிறகு நாலு பேர் பூட்ஸ் காலால் அவளை மிதித்தார்கள். வாயிலிருந்து பல் விழுந்தது. அவள் கத்தவில்லை.

நான் என்ன செய்தேன்? டைப்ரைட்டரை மூடி, துணியால் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மூன்று நாள் பேதி.

கேஸ் நடந்தது. கறிக்கடையில் வெட்டுப்பட்டவனின் மனைவிதான் காந்தா என்பது அதில்தான் எனக்குத் தெரிந்தது. யார் அவளுக்கு நேரம் சொன்னது என்று போலீஸ் தேடவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்ட கேஸில் அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. காந்தாவும் என் பெயரைச் சொல்லவில்லை, நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன் என்றுதான் சொன்னாள். ஏன் காப்பாற்றினாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. 2004-ல் ஆயுள் தண்டனை. நான் மரத்தடிக்குத் திரும்பினேன். ஆனால் அன்றிலிருந்து யார் கையிலும் எழுதுவதில்லை. சீட்டில்தான்.

சரவணன் விடவில்லை. ஆட்டோ ஓட்டிக்கொண்டே தேடினான். அண்ணன் வெளியே வருகிற நேரத்தையும் கதவையும் விற்றவன் ஒருவன் இருக்கிறான், அவன் கழுத்தை அறுக்காமல் அண்ணனுக்குத் திதி கொடுப்பதில்லை என்று சபதம். 2005-ல் ஜாமீன் வக்கீலின் குமாஸ்தாதான் அந்த ஆள் என்று யாரோ சொல்ல, அந்த மனிதனைச் சந்தில் மடக்கிக் காதிலிருந்து உதடு வரை கிழித்துவிட்டான். குமாஸ்தா பயந்துபோய்ப் புகார் கொடுக்கவில்லை. இப்போது அவன் தண்ணீர் குடித்தால் பாதி கன்னத்தின் வழியே ஒழுகும். எனக்கு அவனைத் தெரியும். நல்ல மனிதன். நான் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2006 மார்ச்சில் கோமளம் என் மேஜைக்கு வந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"ரைட்டரண்ணா, பத்து ரூபா கட்டுனா போலீஸ்காரங்க காயிதமெல்லாம் குடுத்தே ஆவணும்னு புதுச் சட்டம் வந்துகீதாமே."

"வந்திருக்கு. தகவல் உரிமைச் சட்டம். உனக்கு என்ன வேணும்?"

"அவளுக்கு யாரு சொன்னாங்கன்னு காயிதத்துல இருக்கும் இல்ல? யாருமே சொல்லல, அவளே தெரிஞ்சுகிட்டான்னு இருந்தா அத சரவணனுக்குக் காட்டணும். அப்பதான் அடங்குவான். இல்லன்னா ஒவ்வொருத்தனா வெட்டிட்டு அவனும் உள்ள போயிடுவான். எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

ஏதாவது சொல்லித் தட்டிக் கழிக்கத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜெயில் விசாரணை ரெஜிஸ்டரில் காந்தாவுக்காக நான் கேட்டதாகப் பதிவு இல்லை, ஏனென்றால் நான் ஜன்னலுக்கே போகவில்லை. வாக்குமூலத்திலும் என் பெயர் இல்லை. எழுதிக் கொடுத்தால் எனக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. இரண்டு மனு அடித்தேன். ஜெயிலுக்கு ஒன்று: 4168-ஐ 2001 நவம்பரில் யார் யார் விசாரித்தார்கள் என்று. போலீசுக்கு ஒன்று: கொலைக் கேஸின் வாக்குமூலமும் மஹஜரும். சம்பவ இடத்தில் சாட்சிகளை வைத்து எழுதுகிற விவரப் பட்டியலை இங்கே மஹஜர் என்போம்.

ஜெயில் பதில் மூன்று வாரத்தில் வந்தது. தாயார் தவிர யாரும் விசாரிக்கவில்லை. எனக்கு மூச்சு வந்தது. "போலீஸ் காயிதமும் வரட்டும்" என்று சரவணன் சொல்லிவிட்டான்.

போலீசிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. தர இயலாது. காரணம் இல்லை, சட்டப் பிரிவு இல்லை, தேதி கூடத் தப்பு.

அங்கேயே விட்டிருக்கலாம். இல்லை என்கிறார்கள் அம்மா, நம்மால் ஆகாது என்று சொல்லியிருந்தால் கோமளம் நம்பியிருப்பாள். ஆனால் அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வருஷம் வக்கீல் ஆபீசில் குப்பை கொட்டியவனுக்கு இப்படி ஒரு பதிலா? தீர்ப்பாகி முடிந்த கேஸ், விசாரணை நிலுவையில் இல்லை, எந்தப் பிரிவில் மறுக்கிறீர்கள் என்று கேட்டு, மேல் அதிகாரிக்கு ஒரு அப்பீல் அடித்தேன். மூன்று பக்கம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மனு எழுதியதில்லை. படித்துப் பார்த்து நானே ரசித்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

ஒன்றரை மாதத்தில் கட்டாக வந்தது. நாற்பத்தாறு பக்கம், எல்லாம் கன்னடத்தில். கோமளத்துக்குப் படிக்கத் தெரியாது. சரவணன் ஆறாவதோடு நின்றவன், பஸ் போர்டு படிப்பான், போலீஸ் கையெழுத்து அவனுக்கு ஏறாது. இரண்டு பேரும் என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். சரவணனின் ஆட்டோ ஓரமாக நின்றது. அதன் சீட்டுக்கு அடியில் லாங் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

நான் கன்னடத்தைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். வெட்டுக் காயங்கள் நாலு. கத்தியின் நீளம். வாக்குமூலம்: நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சரவணன் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். முப்பத்தோராம் பக்கம், மஹஜர். கைதியின் உடலில் இருந்த அடையாளங்கள். வலது மணிக்கட்டு முறிவு. முன் பற்கள் இரண்டு இல்லை. அதற்கு அடுத்த வரியில் என் கண் நின்றது.

இடது உள்ளங்கையில் நீல மையால் 4168 என்ற எண், அடியில் இரண்டு கோடுகள்.

ஐந்து வருஷமாக அந்தக் கையை நான் மறந்தே போயிருந்தேன். ரெஜிஸ்டரை யோசித்தேன், வாக்குமூலத்தை யோசித்தேன், நானே எழுதிய எழுத்தை யோசிக்கவில்லை.

"இன்னா மாமா, நிறுத்திட்டே?" என்றான் சரவணன்.

"கையெழுத்து புரியலை" என்று சொல்லி, அடுத்த வரிக்குப் போனேன். கடைசிப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு, "யாரும் சொன்னதா இதுல இல்லப்பா. கோர்ட்டுல நின்னு அவளே கேட்டுத் தெரிஞ்சுகிட்டிருக்கா" என்றேன்.

சரவணன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "அப்ப அந்தக் குமாஸ்தா மூஞ்சிய சும்னே கிழிச்சுட்டனே மாமா" என்றான். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். கோமளம் காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். அன்று எனக்கு நல்ல பசி.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் தனியாக வந்து இறங்கினாள். ஆட்டோவில் கேஸ் நிரப்பிக்கொண்டு வா என்று சரவணனை அனுப்பிவிட்டாள். உட்காரவில்லை.

"ஒரு வரி வுட்டுட்டே" என்றாள்.

நான் எழுந்தேன்.

"பக்கத்து வூட்டு ஷில்பா வார்டு ஆபீசுல வேல பாக்கறா. சும்மாத்தான் படிக்கச் சொன்னேன், புள்ள அழுதது போதும், நானும் ஒரு தடவ கேட்டுக்கலாம்னு." இடது கையை விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். விளக்குமாறு பிடித்துக் காய்த்துப்போன கை. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "எனக்கும் இதே கையிலதான் எழுதுன. இதே நம்பரு. அடியில ரெண்டு கோடு."

"கோமளம்மா, கட்டிக்கப் போறவன்னு சொன்னா. நம்பிட்டேன்."

"கதவு?"

"நான்தான் சொன்னேன்."

"பூசணிக்கா?"

தலையை ஆட்டினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். ஆட்டோ இன்னும் வரவில்லை.

"சரவணன் இத படிச்சான்னா உன் தல போவும். அதுக்கப்புறம் அவனுக்கு ஒரு நம்பரு போடுவாங்க. அதுக்கோசரம்தான் நான் வந்தேன். எந்தக் கையால எழுதுன?"

பேனா பிடித்திருந்த வலது கையை மேஜை மேல் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்டால் பெரிய பதில் ஒன்றும் இல்லை. மன்னிப்புக் கேட்கும்போது கையை நீட்டத்தானே செய்வோம். அவள் நோயலின் வண்டியிலிருந்து இளநீர் வெட்டும் மச்சுக் கத்தியை எடுத்ததைப் பார்த்தேன். இழுத்திருக்கலாம். தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். எலும்பும் தோலுமாக இருக்கிறாள், வெட்ட மாட்டாள் என்றுதான் நினைத்தேன். பெண்களைத் தப்பாக எடை போடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒரே வெட்டு. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பேனாவோடு தரையில் விழுந்தன. மச்சு மேஜைப் பலகையில் இறங்கி நின்றது. முதலில் வலியே தெரியவில்லை, மேஜையில் இருந்த வெள்ளைக் காகிதங்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பாவதைத்தான் பார்த்தேன். பிறகு வலி வந்து என் குடலைப் பிடித்து இழுத்தது. நோயல் ஓடிவந்து தோளிலிருந்த துண்டால் மணிக்கட்டை இறுக்கினான். அவளைப் பார்த்து, "ஏனம்மா இது" என்று கன்னடத்தில் பாதியும் தமிழில் பாதியுமாகப் புலம்பினான். கோமளம் மச்சைப் பிடுங்கி, இளநீர்த் தண்ணீரிலேயே கழுவி, பழையபடி வண்டியில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆட்டோ வந்தது.

சரவணன் குதித்து இறங்கினான். ரத்தத்தைப் பார்த்ததும் அவன் கை சீட்டுக்கு அடியில் போய்விட்டது. "யாரு? யாரு மாமா பண்ணது? சொல்லு, எங்க ஓடுனான்?"

நோயல் வாயைத் திறந்தான். கோமளம் என்னைப் பார்த்தாள். அவள் கெஞ்சவில்லை. உன் அம்மாதான் என்கிற ஒரு சொல் என்னிடம் இருந்தது. சொன்னால் அவன் தாயையா வெட்டுவான்? ஏன் வெட்டினாய் என்று தாயைக் கேட்பான். அவள் வாய் மூடியிருந்தாலும் காகிதம் வாய் மூடாது. அடுத்து என் தலை, அதற்கடுத்து அவனுக்கு ஒரு நம்பர்.

"யாரும் இல்லப்பா" என்றேன். பல் கிட்டித்துப் போயிருந்தது. "இளநீ நானே வெட்டிக்கலாம்னு... கை தவறிடுச்சு."

"வயசான காலத்துல உனக்கு எதுக்கு மாமா இந்த வேல" என்று சொல்லி, என்னைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி ஆட்டோவில் போட்டான். விரல்களை நோயல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தான். சரவணன் ஒரு கையால் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே, சிக்னல் ஒன்றையும் மதிக்காமல் ஓட்டினான். அவனுடைய லாங் என் காலுக்கு அடியில் வழியெல்லாம் கடகடத்தது. வழி முழுக்க அழுதான். "எங்க அண்ணனுக்காக அவ்வளவு பெரிய மனு எழுதுன கை மாமா இது" என்றான். அப்போதுதான் நானும் அழுதேன்.

விரல்கள் ஒட்டவில்லை. கட்டுப் போட்டு முடித்ததும் ஆஸ்பத்திரியில் இருக்கும் போலீஸ் அவுட்போஸ்ட்டிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் வந்தார். வெட்டுக் காயம் என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும்.

"யார் வெட்டினது?" கன்னடத்தில் கேட்டார்.

"நானேதான். இளநீர் வெட்டும்போது."

டாக்டர் எழுதிய காயச் சீட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தன் வலது கையைத் தானே இப்படி எவனும் வெட்டிக்கொள்ள முடியாது என்பது அவருக்கும் தெரியும். "சாட்சி?"

"நான் கீறேன் சார்" என்றான் சரவணன். பெயர், வயது, ஸ்ரீராம்புரம் விலாசம் எல்லாம் சொல்லிக் கையெழுத்துப் போட்டான். அவன் பெயர் போலீஸ் ரெக்கார்டில் ஏறியது அன்றுதான் முதல் தடவை. சாட்சி என்று. இன்றுவரை வேறு எதிலும் ஏறவில்லை. அவனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. வருஷா வருஷம் அண்ணனுக்குத் திதி கொடுத்துவிட்டு, எனக்கும் சாப்பாடு கொண்டுவருகிறான். கோமளம் கட்டிக் கொடுத்து அனுப்புவாள், ஆனால் அவள் வருவதில்லை.

அந்த மஹஜரை அவள் அன்று மாலையே அடுப்பில் போட்டுவிட்டாளாம். ஆனால் ஸ்டேஷனில் மூலக் காகிதம் இருக்கிறது. என் வாக்குமூலமும் எங்கோ ஒரு அலமாரியில் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டினால் யார் வேண்டுமானாலும் இரண்டையும் கேட்டு வாங்கலாம். முதலாவதில் இருப்பது உண்மை, இரண்டாவதில் இருப்பது பொய்.

அன்று ஆஸ்பத்திரியில் கான்ஸ்டபிள் கடைசியில் என்னிடம் பேனாவை நீட்டினார். கட்டுப் போட்ட வலது கையைப் பார்த்துவிட்டுத் தானே திரும்ப எடுத்துக்கொண்டு, பையிலிருந்து ஸ்டாம்ப் பேடை எடுத்துத் திறந்தார். இருபத்தைந்து வருஷம் எழுத்தில் பிழைத்தவன் நான். இடது கையைப் பிடித்துக் கட்டை விரலில் நீல மையை அழுத்தித் தடவி, என் பெயருக்கு அடியில் வைத்தார். துடைத்துக்கொள்ளத் துணி கொடுத்தார். மை உள்ளங்கை வரை இழுத்துக்கொண்டது, நாலைந்து நாள் போகவில்லை.